ஏரிப் படகுக்குப் புரொப்பெல்லர் தேர்ந்தெடுப்பது

ஒன்ராறியோவில் படகு வாங்க நினைக்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இன்ஜினின் குதிரைத்திறனைப் பற்றிய கேள்விகளே. அந்தத் திறனை நீருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் புரொப்பெல்லரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் பொருத்திக் கொடுத்துவிட்டார், அது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். கடையில் பொருத்துவது ஒரு பொதுவான கணிப்பு. இரண்டு பேர் ஏறி, பாதித் தொட்டி எரிபொருளுடன் ஓட்டினால் அந்தக் கணிப்பு பொய்க்காது. ஆனால் கோடை விடுமுறையில் சிம்கோ ஏரிக்குப் போகும் நம் படகில் மாமா, மாமி, பிள்ளைகள், ஐஸ்பெட்டி, சோற்றுச் சட்டி, பிள்ளைகளை உட்காரவைத்துப் பின்னால் இழுக்கும் காற்று மிதவை என்று எல்லாம் ஏறிவிடுகின்றன. அந்தப் படகு வேறு, கடைக்காரர் மனத்தில் வைத்திருந்த படகு வேறு.

புரொப்பெல்லரின் நடுவிலுள்ள குடத்தில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 14 × 19 என்று இருந்தால், இறக்கைகளின் நுனி வரையும் வட்டத்தின் விட்டம் 14 அங்குலம், பிட்ச் 19 அங்குலம். பிட்ச் என்பது, மரத்துக்குள் திருகாணி ஏறுவதைப் போல் நீர் சிறிதும் வழுக்காமல் பிடி கொடுத்தால், ஒரு முழுச் சுற்றில் புரொப்பெல்லர் எவ்வளவு முன்னேறும் என்ற அளவு. படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் வைத்திருப்பவர் பெரும்பாலும் மாற்றிப் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்; விட்டத்தை இன்ஜினின் திறனும் கியர்ப் பெட்டியின் அமைப்பும் ஏறக்குறைய முடிவு செய்துவிடுகின்றன.

உண்மையில் நீர் வழுக்கவே செய்யும். இன்ஜினின் நிமிடச் சுற்றைக் கியர் விகிதத்தால் (புரொப்பெல்லர் ஒருமுறை சுற்ற இன்ஜின் எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்ணால்) வகுத்து, பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, வரும் எண்ணை 656ஆல் வகுத்தால், வழுக்கல் இல்லாதபோது கிடைக்கக்கூடிய வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். ஜிபிஎஸ் காட்டும் வேகம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். நீர்மேல் எழும்பி ஓடும் இலகுவான படகில் இந்த வித்தியாசம் 10 முதல் 15 சதவீதம் வரை இருப்பது இயல்பு. சுமை கூடினால் இன்னும் சற்றுக் கூடும். வழுக்கல் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை, வழுக்கல் இல்லாத புரொப்பெல்லர் படகைத் தள்ளவும் செய்யாது. 1837இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் லண்டனின் பாடிங்டன் கால்வாயில் படகைத் தள்ளும் தம் மரத் திருகைச் சோதித்துக்கொண்டிருந்தபோது திருகின் ஒரு பகுதி உடைந்து விழ, படகு முன்னைவிட வேகமாக ஓடியது. நீளமான திருகுதான் நன்றாகத் தள்ளும் என்று அதுவரை இருந்த எண்ணம் அந்த விபத்தோடு போயிற்று. இன்றும் இந்தத் துறையில் கணக்கு ஓரளவுக்குத்தான் வழிகாட்டும், மீதியை ஏரியில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டும்போது பார்க்க வேண்டிய கருவி, இன்ஜினின் நிமிடச் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முழுமையாகத் திறந்து ஓட்டும்போது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுக்குள் இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் கையேட்டில் சொல்லியிருப்பார். என் 18 அடி அலுமினியப் படகின் 115 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு அது 5000 முதல் 6000 வரை. கியர் விகிதம் 2.07. படகுடன் வந்த 19 அங்குலப் பிட்ச் புரொப்பெல்லரில், நான் மட்டும் ஓட்டினால் 5600 சுற்றும் மணிக்கு 67 கிலோமீட்டர் வேகமும் கிடைத்தன. ஆறு பேர் ஏறினால் முள் 4900க்கு மேல் ஏறவில்லை. மூக்கை வானுக்குத் தூக்கியபடி படகு எழும்ப நெடுநேரம் எடுத்துக்கொண்டது.

பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று ஏறக்குறைய 150 முதல் 200 வரை கூடும் என்பது இத்துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அதன்படி 17க்கு இறங்கினேன். ஆறு பேருடன் 5250, தனியாக 5950. 16க்குப் போயிருந்தால் சுமையோடு இன்னும் நன்றாக இருந்திருக்கும், ஆனால் தனியாக ஓட்டும்போது 6000ஐத் தாண்டி, இன்ஜின் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் எல்லையில் போய் முட்டும். தனியாக ஓட்டும்போதைய உச்ச வேகம் 67இலிருந்து 65 ஆயிற்று. சுமையோடு ஓட்டும்போது 54 இருந்த இடத்தில் 55 கிடைக்கிறது. அந்த இரண்டு கிலோமீட்டர் இழப்பைப் பெரிதாக எண்ணி 19ஐயே வைத்திருக்கச் சொன்ன நண்பர்களும் உண்டு. உச்ச வேகத்தில் ஒரு குடும்பம் எத்தனை நிமிடம் ஓடப்போகிறது? படகு சட்டென்று எழும்புவதும், மிதவையில் இருக்கும் பிள்ளையைத் திணறாமல் இழுப்பதும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

பிட்ச் அதிகமாக இருப்பதன் கேடு மெதுவாகப் போவதோடு நிற்பதில்லை. திராட்டில் முழுக்கத் திறந்திருக்க, சுற்று ஏறாமல் இன்ஜின் திணறும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் மிகுந்து, கரி படிந்து, நாளடைவில் பிஸ்டனே சேதமடையலாம். உத்தரவாதக் காலம் முடியும்வரை இது வெளியே தெரியாமலும் இருந்துவிடும். மலைப்பகுதி ஏரிகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். உயரம் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இன்ஜின் ஏறக்குறைய 3 சதவீதத் திறனை இழப்பதால், 1900 மீட்டர் உயரத்திலுள்ள அமெரிக்காவின் டாஹோ ஏரியில் ஐந்தில் ஒரு பங்கு திறன் காற்றோடு போய்விடுகிறது. அங்கே படகு வைத்திருப்பவர்கள் குறைந்த பிட்சுக்கு மாறுவது வழக்கம். சிம்கோவின் உயரம் 219 மீட்டர்தான் என்பதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

நான்கு இறக்கைகள் நல்லவையா என்று கேட்டால், கனமான படகுக்கு நல்லவை. குறைந்த வேகத்திலும் படகு எழும்பிய நிலையிலேயே நிற்கும், அதிர்வு குறையும், திருப்பங்களில் பிடி விடாது. உச்ச வேகம் சிறிது குறையும். இறக்கை கூடும்போது பிட்சை ஓர் அங்குலம் குறைப்பது நல்லது.

அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்பதில் என் கருத்து பலருக்குப் பிடிப்பதில்லை. ஸ்டீல் இறக்கை மெல்லியது, வளைந்து கொடுக்காதது, வேகத்தில் தெளிவாகவே முந்தும். விலையும் பல மடங்கு. ஆனால் ஜோர்ஜியன் விரிகுடாவில், நீருக்கு ஓரடி கீழே கருங்கல் பாறை ஒளிந்திருக்கும் இடங்களில், அலுமினிய இறக்கை வளைந்து தானே அடியை வாங்கிக்கொள்ளும். குடத்துக்குள் இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பாகம் கியர்களைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டதுதான் என்றாலும், ஸ்டீல் போய் மோதும்போது கியர்ப் பெட்டிவரை அடி போகும் வாய்ப்பு அதிகம். அங்கே ஓட்டுபவருக்கு அலுமினியத்தையும், கூடவே ஓர் உதிரியையும்தான் நான் சொல்வேன்.

புரொப்பெல்லரை மாற்றியபின் திருப்பத்தில் இன்ஜின் திடீரென்று அலறி, படகு இழுவையை இழந்தால், ‘கேவிடேஷன்’ என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. மேற்பரப்புக் காற்றோ புகைபோக்கி வாயுவோ இறக்கைகளுக்குள் உறிஞ்சப்படுவதுதான். இன்ஜின் அளவுக்கு மீறி உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கேவிடேஷனில் இறக்கையின் முதுகில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, குளிர்ந்த நீரே ஆவியாகிக் குமிழிகள் உண்டாகின்றன; அவை உடையும்போது உலோகத்தை அரித்துச் சிறு குழிகளை விட்டுச்செல்லும். இறக்கையை விரலால் தடவினாலே அந்தச் சொரசொரப்பு தெரியும். அதற்குக் காரணம் அநேகமாக முனையில் விழுந்த ஒரு பள்ளம் அல்லது வளைவு.

மாற்றும் வேலை கடினமானதல்ல. சாவியை எடுத்து, அவசர நிறுத்தக் கயிற்றையும் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு, இறக்கைக்கும் அதற்கு மேலுள்ள தகட்டுக்கும் இடையே ஒரு மரக்கட்டையைச் செருகினால் புரொப்பெல்லர் சுழலாது. பூட்டு ஊசியை நிமிர்த்தி எடுத்து, நட்டைக் கழற்றி, புரொப்பெல்லரைப் பின்னால் இழுக்க வேண்டும். புரொப்பெல்லருக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே இருக்கும் தடித்த வாஷரைக் கழற்றி, எந்தப் பக்கம் எங்கே இருந்தது என்று பார்த்து வையுங்கள். தண்டின் பற்களுக்குக் கிரீஸ் பூசாமல் புதியதை ஏற்றக் கூடாது. ஏற்றினால் அடுத்த முறை அது எளிதில் கழன்று வராது.

கழற்றியிருக்கும்போதே தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது அவசியம். கண்ணுக்குத் தெரியாத அந்த நைலான் நரம்பு, தண்டைச் சுற்றி நீர் புகாமல் அடைக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்துவிட்டால் கியர் எண்ணெய்க்குள் நீர் புகும், எண்ணெய் பால்போல் வெளுக்கும். அப்படி வெளுத்திருந்தால் அக்டோபருக்குள் அந்த ‘சீல்’ வளையத்தை மாற்றிவிடுங்கள். உள்ளே தங்கிய நீர் ஜனவரியில் உறைந்தால் கியர்ப் பெட்டியே வெடித்துவிடக்கூடும்.