12 அடி தார்ப்பாயில் ஓர் இரவுக் கூரை

சென்ற ஐப்பசியில் நானும் என் மகளும் ஜவ்வாது மலையில், நண்பர் ஒருவரின் அறுவடை முடிந்த சாமைக் காட்டோரம் இரண்டு இரவுகள் தங்கினோம். கூடாரம் வாங்கவில்லை. நிலக்கடலை காயவைப்பதற்காக அப்பா வைத்திருந்த 12 அடிக்கு 10 அடி தார்ப்பாயும் கொஞ்சம் கயிறுமே எங்கள் வீடு. முதல் இரவு அந்த வீடு நிற்கவில்லை. இரண்டாம் இரவு, அதைவிட வலுத்த மழையிலும் நின்றது. தார்ப்பாயும் கயிறும் மரங்களும் அவையேதான். கட்டிய விதம் மட்டுமே மாறியிருந்தது என்பதால், அதை விரிவாக எழுதி வைக்க விரும்புகிறேன்.

முதல் நாள் நான் செய்தது கல்யாணப் பந்தல் போடுவதைப் போன்ற வேலை. நான்கு மூலைகளையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நான்கு மரங்களில் கட்டிவிட்டேன். நிமிர்ந்து நிற்கலாம், நான்கு பக்கமும் காற்று வரும் என்பதில் மகிழ்ச்சி. இரவு பத்து மணிக்குத் தூறல் தொடங்கியது. அரைமணி நேரத்தில் கூரையின் நடுவே தண்ணீர் தேங்கி, துணி பானையின் அடிவயிறு போலத் தொங்கிற்று. 15 லிட்டர் வாளித் தண்ணீரே 15 கிலோ இருக்கும். தேங்கிய நீரின் எடையால் துணி தாழ்கிறது, தாழ்ந்த இடத்தில் இன்னும் நீர் சேர்கிறது, அந்த எடை மேலும் தாழ்த்துகிறது. ஆகையால் ஒருமுறை தேங்கத் தொடங்கிவிட்டால் அது தானாக வடிவதே இல்லை. ஒரு மூலையில் கயிறு கோக்கும் பித்தளைக் கண் துணியைக் கிழித்துக்கொண்டு பிய்ந்து வந்தது. மீதி இரவை நண்பரின் வீட்டுத் திண்ணையில் கழித்தோம்.

மறுநாள் காலை, முகடு வைத்துக் கட்டுவது என்று முடிவு செய்தோம். இரண்டு மரங்களுக்கு நடுவே முகட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் மேல் தார்ப்பாயைச் சரிபாதியாகப் போட்டால், 12 அடி அகலம் பக்கத்துக்கு 6 அடிச் சரிவாகப் பிரியும். இரண்டு விளிம்புகளையும் நடுக்கோட்டிலிருந்து நான்கு நான்கு அடி தள்ளித் தரையில் அடித்தால், முகட்டின் உயரம் ஏறக்குறைய நாலரை அடி வரும். ஐந்தைந்து அடி தள்ளினால் மூன்றேகால் அடிதான் வரும், உட்கார்ந்தால் தலை இடிக்கும். நாங்கள் நாலரை அடியை எடுத்துக்கொண்டோம். 10 அடி நீளத்தில் படுக்கைக்கு ஆறடி போக, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரண்டிரண்டு அடி மிஞ்சுகிறது. சாரல் அந்த இரண்டடியோடு நின்றுவிடும் என்பதால் அந்த மிச்சத்தை வீணென்று நினைக்கக் கூடாது.

முகட்டுக் கயிறு தளர்ந்தால் எல்லாமே தளரும். ஒரு முனையை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தபின், மறுமுனைக்குச் சற்று முன்னால் கயிற்றிலேயே ஒரு கண்ணி போட்டு, முனையை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் நுழைத்துப் பின்னோக்கி இழுக்க வேண்டும். லாரியில் சரக்கின் மேல் படுதாவை இறுக்குகிறவர்கள் போடும் கட்டு இதுதான். கண்ணி கப்பியைப் போல வேலை செய்வதால், பத்து வயதுப் பிள்ளையின் கைப்பலமே கயிற்றை விறைப்பாக்கப் போதுமானதாக இருக்கிறது. என் மகள்தான் இழுத்தாள். நைலான் கயிறு நனைந்தால் நீளும் என்பதால், படுக்கப் போகுமுன் ஒருமுறை இறுக்கிவிடுவது நல்லது.

முளைகளுக்குக் காய்ந்த கிளைகளை ஓரடி நீளத்துக்குச் சீவி, தலை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி, முக்கால் பங்கு மண்ணுக்குள் இறங்குமாறு அடித்தோம். கயிற்றை முளையின் தலையில் கட்டாமல் மண்ணை ஒட்டிக் கட்ட வேண்டும். மேலே கட்டினால் ஈரமண்ணில் முளை நெம்பிக்கொண்டு வந்துவிடும். கண் பிய்ந்துபோன மூலைக்கு எங்கள் நண்பரின் அம்மா வழி சொன்னார். எலுமிச்சை அளவுள்ள கூழாங்கல்லைத் துணியின் உட்புறம் வைத்து, துணியோடு சேர்த்துப் பொட்டலம் போலக் குவித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டுவிட்டால், கிழிந்த மூலைக்கு மறுபடியும் பிடிமானம் கிடைத்துவிடும். அந்தக் கல் இரவு முழுவதும் அசையவில்லை.

வடகிழக்கிலிருந்து வந்த காற்றுக்கு ஒரு சரிவு முதுகு காட்டும்படி திசை பார்த்து, அந்தப் பக்க விளிம்பை மண்ணோடு அடித்தோம். எதிர்ப்பக்க விளிம்பை ஒன்றரை அடி உயரத்தில் விட்டோம். இரண்டு பக்கமும் மூடினால் மூச்சுக்காற்றின் ஈரம் பிளாஸ்டிக்கின் உட்புறம் குளிர்ந்து துளித்துளியாக முகத்தில் சொட்டும். முகட்டுக் கயிற்றின் வழியாகவும் மழைநீர் உள்ளே வரும். அதைத் தடுக்க, கூரைக்கு வெளியே கயிற்றின் இரு முனைகளிலும் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிட்டால், கயிற்றோடு வரும் நீர் நூலில் இறங்கி வெளியிலேயே சொட்டிவிடும். கீழே விரிக்கும் பாய் கூரையின் நிழலைவிடச் சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கூரையிலிருந்து வழியும் நீரை அது படுக்கைக்கு அடியில் சேர்த்துவிடும்.

தார்ப்பாய் புதிதாக வாங்குகிறவர்கள் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ளதைக் கேட்டு வாங்கலாம். எங்கள் அளவில் அது இரண்டேகால் கிலோ வரும், பேருந்தில் தூக்கிச் செல்லத் தடையில்லை. தார் பூசிய கித்தான் துணிக்கு வந்த பெயர் இன்றைய பாலித்தீன் பாய்க்கும் நிலைத்துவிட்டது, ஆனால் பாலித்தீன் எளிதில் உருகும். அதற்கு அடியில் அடுப்பு மூட்டவே கூடாது. நாங்கள் பத்தடி தள்ளித்தான் கஞ்சி வைத்தோம். பட்டா நிலமாக இருந்தாலும் உரியவரிடம் கேட்டே தங்க வேண்டும், காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் தங்கவே கூடாது. பட்ட கிளை உள்ள மரத்தடியும், காய்ந்து கிடக்கும் ஓடைப் படுகையும் பகலில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் படுக்கும் இடங்கள் அல்ல.

இரண்டாம் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிய மழை விடியும்வரை ஓயவில்லை. தலைக்கு மேல் தண்ணீர் சரிவில் ஓடும் ஓசையைக் கேட்டபடி, கைவிளக்கை அடித்து அடித்துக் கூரையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கும் தொங்கவில்லை. மகள் எழுந்திருக்கவே இல்லை. ஊர் திரும்பியதும் தார்ப்பாயை மாடியில் விரித்து, இருபுறமும் காயவைத்தோம். கிழிந்த மூலையில் துணியை இரட்டையாக மடித்துத் தைத்து, செருப்புத் தைப்பவரிடம் புதிய கண் அடித்து வாங்கியாகிவிட்டது. அந்தக் கூழாங்கல்லையும் மகள் தார்ப்பாயோடு சுருட்டி வைத்திருக்கிறாள்.