பலகை நடும் முன்பே முடிவாகிவிடும் வேகம்

நெடுஞ்சாலையில் ஓர் இடத்தின் வேகம், அங்கே பலகை நடுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. திட்ட அறிக்கையின் முதல் சில பக்கங்களில் ‘டிசைன் ஸ்பீட்’, அதாவது எந்த வேகத்துக்காகச் சாலையை வடிவமைக்கிறோம் என்று ஓர் எண்ணை எழுதுகிறோமே, அப்போதே. சமவெளி என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர், ஏற்ற இறக்கமான நிலம் என்றால் 80, மலை என்றால் 50, செங்குத்தான மலை என்றால் 40. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலை காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) 1980-ல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 73 என்ற விதிநூல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குச் சொல்லும் அளவுகள் இவை. இரண்டு வழி, நான்கு வழி, ஆறு வழிச் சாலைகளுக்கு இப்போது தனித்தனிக் கையேடுகள் வந்துவிட்டன. ஆனாலும் வேலை நடக்கிற வரிசை மாறவில்லை. முதலில் வேகம், அதிலிருந்துதான் வளைவின் ஆரம், மேட்டின் நீளம், பார்வைத் தூரம் எல்லாம் வருகின்றன.

சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என் வேலை. விபத்துகள் அதிகம் நடக்கும் பகுதிகளை நடந்து பார்த்து, அளந்து, அறிக்கை எழுதுகிறவன். சாலை ஒரு வேகத்தையும் பலகை இன்னொரு வேகத்தையும் சொல்லும் இடங்களில் உயிர்கள் போவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஓட்டுநர் சாலையைத்தான் நம்புகிறார். அவர் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடப்பது சாலை. பலகை ஒரு நொடியில் பின்னால் போய்விடுகிறது.

பார்வைத் தூரத்தை எடுத்துக்கொள்வோம். ஆபத்தைக் கண்டு வண்டியை நிறுத்த, ஓட்டுநருக்கு முன்னால் தெரிய வேண்டிய சாலையின் நீளம் அது. ஆபத்தைக் கண்ட ஓட்டுநர், அது என்னவென்று புரிந்து பிரேக்கில் கால் வைக்க 2.5 விநாடி ஆகும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 2.5 விநாடிக்குள் வண்டி ஏறக்குறைய 70 மீட்டர் போய்விடும். அதன் பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்குகிறது. நிற்பதற்கு இன்னும் 110 மீட்டர். ஆக 180 மீட்டர். வேகம் 40 என்றால் 45 மீட்டர் போதும். வேகம் இரண்டரை மடங்கு ஆனால் தேவைப்படும் தூரம் நான்கு மடங்கு ஆகிவிடுகிறது.

இதைக் களத்தில் சோதிக்கும் விதம் எளிமையானது. மேட்டின் ஒரு பக்கம் நான் நின்று, 1.2 மீட்டர் உயரக் குச்சியின் முனையில் கண்ணை வைத்துக்கொள்வேன். கார் ஓட்டுநரின் கண் உயரம் அதுதான். உதவியாளர் 15 சென்டிமீட்டர் உயரக் கட்டையை ஓரமாகத் தரையில் வைத்தபடி அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டே போவார். “சார், தெரியுதா?” என்று போனில் கேட்டுக்கொண்டே இருப்பார். “தெரியுது, தெரியுது... இப்ப மறைஞ்சிடுச்சு.” அங்கே சுண்ணாம்பால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கும் என் குச்சிக்கும் இடையே தூரம் அளக்கும் சக்கரத்தை ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும். 15 சென்டிமீட்டர் என்பது காகிதத்தில் வெறும் அளவு. சாலையில் அது, பஞ்சரான லாரியின் டயருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு எடுக்காமல் போன கல். இருட்டில் அந்தக் கல்லில் ஏறி விழுந்த இருசக்கர வாகனங்களின் வழக்குத் தாள்களைப் படித்த பிறகு, அந்த அளவை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வளைவுகளில் இன்னொரு சிக்கல். வேகமாகப் போகும் வண்டி வெளிப்பக்கம் தள்ளப்படாமல் இருக்கச் சாலையை உள்பக்கமாகச் சாய்க்கிறோம். சமவெளியில் அதிகபட்சம் 7 சதவீதம். ஆனால் நம் சாலையில் 100-ல் போகும் காரும் 30-ல் ஊர்ந்து போகும் வைக்கோல் லாரியும் ஒரே வளைவில் போகின்றன. காருக்காகச் சாய்வைக் கூட்டினால் மெதுவாகப் போகும் உயரமான பாரம் உள்பக்கம் கவிழும். லாரிக்காகக் குறைத்தால் கார் வெளியே வீசப்படும். இதற்கு ஐ.ஆர்.சி. கண்ட வழி மேல் எனக்கு எப்போதும் மதிப்பு உண்டு: டிசைன் ஸ்பீடில் முக்கால் பங்கு வேகத்துக்கு மட்டும் சாய்வைக் கணக்கிடு, மீதியை டயருக்கும் தார்ப்பரப்புக்கும் உள்ள உராய்வு பார்த்துக்கொள்ளட்டும் என்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 225-ஆலும் ஆரத்தாலும் வகுத்தால் சாய்வு வந்துவிடும். சாலையில் போகிற எல்லாரையும் மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது.

ஆனால் அந்தக் கணக்கு உராய்வை நம்பி நிற்கிறது. மேற்பரப்பு வழுவழுப்பாகிவிட்டாலோ, மறு தார் போடும்போது சாய்வைச் சரிபார்க்காமல் அடுக்கின் மேல் அடுக்காகப் போட்டுவிட்டாலோ, வரைபடத்தில் 100-க்கு உரிய வளைவு மழைநாளில் 100-க்கு உரியதாக இருப்பதில்லை. வரைபடம் கோப்பில் பத்திரமாக இருக்கும், சாலை மாறியிருக்கும். லெவல் கருவியை எடுத்துக்கொண்டு போய் வளைவின் இரு ஓரங்களையும் அளக்காமல் எந்தத் தணிக்கையையும் முடிக்கக் கூடாது என்று இளையவர்களிடம் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

கணவாய்ச் சாலைகளில் டிசைன் ஸ்பீட் மட்டும் போதாது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளைப் பாருங்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறார்கள். எஞ்சினின் பிடிமானம் போய், முழு பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. அது சூடேறிச் செயலிழந்தால் முன்னால் போகிற வண்டிகளின் மேல்தான் லாரி போய் நிற்கும்.

என்னை அதிகம் வருத்துவது ஊருக்குள் நுழையும் நான்கு வழிச்சாலைகள். ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் பள்ளியும் பேருந்து நிறுத்தமும். நடுவே, இரு திசைகளையும் பிரிக்கும் மீடியன் திட்டில் ஒரு திறப்பு. 3.5 மீட்டர் அகலத் தடங்கள், நேர்க்கோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பார்வை. ஓரத்தில் ‘40’ என்ற பலகை. அங்கே வேகத்தை அளந்தால் நூற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்று பார்ப்போம். அது பலகையின் எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது. அப்படி ஒரு திறப்பில் அளந்துகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “தம்பி, ரோட்ட ஓடு ஓடுன்னு போட்டுட்டு, போர்டுல நில்லுன்னு எழுதினா எவன் நிப்பான்?” என்று கேட்டார். அறிக்கையில் பல பக்கங்களில் நான் எழுதுவது அதைத்தான்.

அங்கே தேவை சுரங்கப்பாதை. அது உடனே வராது என்றால், ஊர் எல்லைக்கு முன்பே தொடங்கும் குறுக்குக் கோடுகள், தடத்தின் அகலத்தைக் குறைத்துக் காட்டும் அடையாளங்கள், திறப்பில் ஒதுங்கி நிற்க இடம், நல்ல வெளிச்சம். இவற்றுக்குப் பதிலாகப் பேரிகேடுகளை மாற்றி மாற்றி வைப்பது வழக்கமாகிவிட்டது. இரவில் ஒளிப்பட்டை உரிந்த பேரிகேட் தானே ஒரு விபத்துக்குக் காரணம்.

சட்டத்தின் பக்கம் விவாதம் பெரும்பாலும் அதிகபட்ச எண்ணைச் சுற்றியே நடக்கிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு கார்களுக்கு விரைவுச்சாலையில் 120, நான்கு வழிச்சாலையில் 100 என்று உயர்த்தி அறிவித்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. அதே அளவு கவனம் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 198-ஏ பிரிவுக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். வடிவமைப்பு, கட்டுமான, பராமரிப்புத் தரங்களைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அரசு அமைப்பு, ஒப்பந்ததாரர், ஆலோசகர் யாராயினும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. ஓட்டுநரின் வேகத்தை மட்டும் விசாரித்துவந்த சட்டம், சாலையையும் விசாரிக்க வழி திறந்திருக்கிறது.

விசாரிக்க வேண்டுமானால் விபத்து எங்கே நடந்தது என்று தெரிய வேண்டுமே. இங்கேதான் சாலை எண்கள் வருகின்றன. 2010-ல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண் முறை வந்தது. வடக்கு தெற்காகப் போனால் இரட்டைப்படை, கிழக்கிலிருந்து மேற்காக எண் ஏறும். கிழக்கு மேற்காகப் போனால் ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்காக ஏறும். ஸ்ரீநகர்–கன்னியாகுமரி 44, அதன் கிளைகள் 144, 244 என்று போய், சேலம்–கொச்சி 544. எண்ணைக் கேட்டாலே திசை தெரியும் நல்ல முறை இது. ஆனால் சென்னை–திருச்சிச் சாலை முழுவதும் பழைய 45 ஆக இருந்தது. இன்று திண்டிவனம் வரை 32, விழுப்புரம் வரை 132, அதன் பிறகு 38. 38 வேலூரில் தொடங்குவதால், சென்னையிலிருந்து எண்ணி வந்த பழைய கிலோமீட்டர் கணக்கு அதற்குப் பொருந்தாது.

மூன்று ஆண்டுகளில், ஏறக்குறைய 500 மீட்டருக்குள், உயிரிழப்பு அல்லது கொடுங்காயம் நேர்ந்த 5 விபத்துகளோ 10 மரணங்களோ இருந்தால் அது ‘பிளாக் ஸ்பாட்’. ஒரே இடத்து விபத்துகள் ஒரு தாளில் பழைய எண்ணிலும், இன்னொன்றில் புதிய எண்ணிலும், மூன்றாவதில் ‘புளியமரம் அருகில்’ என்றும் பதிவாகியிருந்தால் அந்த ஐந்து ஒன்றுசேராது. புளியமரமோ அகலப்படுத்தியபோதே வெட்டுப்பட்டிருக்கும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய, விபத்துகளைப் பதியும் ஐராட் செயலியில் போலீசார் இடத்தின் ஆயத்தொலையோடு (அட்சரேகை, தீர்க்கரேகை) பதிவு செய்யத் தொடங்கியது இந்த வேலையில் பெரிய விடுதலை. பழைய தாள்களுக்கு மட்டும் இன்னும் நிலையத்து ஏட்டையாவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வழக்காக எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கம் என்று கேட்டுக் குறிக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு இடம் நன்றாக நினைவிருக்கிறது.

அறிக்கையில் நான் கொடுக்கும் அட்டவணையில் ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று வேகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும்: வடிவமைத்த வேகம், பலகை சொல்லும் வேகம், களத்தில் அளந்த வேகம். மூன்றுக்கும் இடைவெளி எங்கே அதிகமோ அந்த இடத்தை முதல் வரியில் போடுகிறேன். போன அறிக்கையில் முதல் வரியில் இருந்தது அந்தப் பெரியவர் நின்ற மீடியன் திறப்பு. பரிந்துரைப் பத்தியில் ‘சுரங்கப்பாதை’ என்றுதான் எழுதியிருக்கிறேன். கூடுதல் பலகை கேட்கவில்லை.