குசினித் துணியை நாங்களே பின்னலாம்

பின்னல் ஊசி என்றாலே ஸ்வெட்டர், குளிர்நாடு என்றுதான் இங்கே பலர் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஸ்வெட்டர் வேண்டாம், சரி. குசினிக்கு வேண்டியதைப் பின்னலாமே! பாத்திரம் துடைக்கிற துணியும் சட்டி இறக்குகிற பிடிதுணியும் புதிதாகப் பழகுபவருக்கு நல்ல தொடக்கம்.

நூல் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், பருத்திதான். அக்ரிலிக் என்கிற செயற்கை நூல் கடையில் பளபளவென்று கண்ணைப் பறிக்கும், ஆனால் தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது, கொதிக்கிற தாச்சியில் பட்டால் உருகிக் கையில் ஒட்டிவிடும்.

துடைக்கும் துணிக்கு 4 மில்லிமீட்டர் ஊசியில் 4 கண்ணி (ஊசியில் நிற்கிற நூல் வளையம்) போட்டுத் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு வரியிலும் முதல் 2 கண்ணியைப் பின்னி, நூலை ஊசிமேல் ஒருமுறை சுற்றி, மிச்சத்தைச் சாதாரணமாகப் பின்னிக்கொண்டே போனால் வரிக்கு ஒரு கண்ணி கூடும், ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக விழும், அதுவே தனி அழகு. 44 கண்ணி வந்ததும் குறைக்க வேண்டும்: ஒன்றைப் பின்னி, இரண்டை ஒன்றாகச் சேர்த்து, நூலைச் சுற்றி, மறுபடி இரண்டை ஒன்றாகச் சேர்த்து, மிச்சம் வழமைபோல. திரும்ப 4 கண்ணிக்கு வந்ததும் முடித்துவிடுங்கள், சதுரம் தயார்.

பிடிதுணிக்கு இரண்டு நூலைச் சேர்த்துப் பிடித்து இறுக்கமாகப் பின்னுங்கள். அது ஈரமாக இருந்தால் சட்டியைத் தூக்கவே வேண்டாம், சூடு உடனே கைக்கு ஏறிவிடும். அப்புறம், பருத்தி முதல் தோய்ப்பிலேயே கொஞ்சம் சுருங்கும், அதனால் சற்றுப் பெரிதாகவே பின்னுங்கள். மஞ்சள் கறை பட்டால் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து முற்றத்து வெயிலில் காயவிடுங்கள், நன்றாக வெளிறிவிடும்.