என் நிரலைப் பார்க்க ஒருவர் கிடைத்த கதை

சென்ற ஆண்டு, வேலை முடிந்து வீடு திரும்பிய பின் கிடைக்கும் மாலை நேரங்களில், ஆட்டங்களை உருவாக்கப் பயன்படும் கோடோ எஞ்சினில் கேம் புரோகிராமிங் கற்கத் தொடங்கினேன். 2014இல் திறமூலமாக வெளியிடப்பட்ட அந்த மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. யூடியூபில் பாடங்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஐந்தாறு தொடர்களைப் பார்த்து முடித்த பின்பும், வீடியோவை மூடிவிட்டுச் சொந்தமாக எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பாடம் நடத்துபவரின் திரையில் எல்லாம் சரியாக ஓடும். என் திரையில் ஓடாததை அவர் பார்க்கப்போவதில்லை.

அப்போது நான் செய்துகொண்டிருந்தது, 1976இல் அடாரி வெளியிட்ட பிரேக்அவுட்டின் சாயலில், மட்டையால் பந்தைத் தட்டிச் செங்கற்களை உடைக்கும் ஆட்டம். பந்தின் வேகத்தைக் கூட்டியதும் அது சில வேளை சுவரில் பட்டுத் திரும்பியது. சில வேளை சுவரே இல்லாததுபோல் அப்பால் போய்விட்டது. இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன்.

முன்பு என்னுடன் பணிபுரிந்து, பிறகு மொபைல் கேம் செய்யும் நிறுவனத்துக்கு மாறிய அண்ணன் ஒருவர் நினைவுக்கு வந்தார். "அண்ணா, எனக்கு கேம் புரோகிராமிங் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டு அனுப்பிய செய்திக்குப் பதில் வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அது அரை மணி நேர உதவியா, ஆண்டுக்கணக்கில் தொடரும் பொறுப்பா என்பதை அந்தக் கேள்வியிலிருந்து யாராலும் கண்டுகொள்ள முடியாது. அடுத்த முறை, பந்து சுவரைக் கடக்கும் 20 விநாடி வீடியோ, பந்தை நகர்த்தும் நிரல் பகுதி, நான் முயன்று பார்த்து உதவாமல்போன மூன்று வழிகள் ஆகியவற்றை அனுப்பி, "சனிக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா?" என்று கேட்டேன். அன்று இரவே பதில் வந்தது.

அவர் விடையைச் சொல்லவில்லை. பந்து ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரையப்படும் ஒவ்வொரு படத்திலும், எங்கே இருக்கிறது என்று தாளில் எழுதச் சொன்னார். விநாடிக்கு 2400 பிக்சல் வேகம், விநாடிக்கு 60 ஃபிரேம். ஆக, ஒரு ஃபிரேமுக்கு 40 பிக்சல். 300, 340, 380 என்று எழுதினேன். "சுவர் எங்கேப்பா இருக்கு?" என்றார். 350இல் தொடங்கி 366இல் முடிகிறது என்று எழுதும்போதே புரிந்துவிட்டது. எட்டு பிக்சல் அகலமுள்ள என் பந்து சுவரைத் துளைத்துக்கொண்டு போகவில்லை. எந்த ஃபிரேமிலும் அது சுவரின்மேல் இருந்ததே இல்லை. பந்தின் இடத்தை நானே நேரடியாக மாற்றிக்கொண்டிருந்ததால், இடைப்பட்ட தொலைவை எஞ்சின் சோதிக்க வாய்ப்பே இருக்கவில்லை. போகும் வழியையும் சேர்த்துச் சோதிக்கும் மூவ் அண்ட் கொலைட் என்ற செயற்கூற்றுக்கு மாறியதும் சிக்கல் தீர்ந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இந்த விளக்கம் எத்தனையோ பாடங்களில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எந்தப் பெயரில் தேடுவது என்று தெரியாதவனுக்கு அது கிடைக்காது. நான் என்ன நினைத்து அப்படி எழுதினேன் என்பதைப் பார்த்து, சரியான இடத்தில் ஒரு கேள்வி கேட்க ஆள் வேண்டும். அவர் பெரிய நிபுணராக இருக்கவேண்டியதில்லை. நம்மைவிட ஓரிரு ஆண்டு முன்னே நடப்பவராக இருந்தால், நாம் இடறிய இடம் அவருக்கும் மறந்திருக்காது.

அப்படி யாரையும் அறியாதவர்களுக்கு, ஒரு தலைப்பைத் தந்து, குறித்த நேரத்துக்குள் ஆட்டம் செய்யச் சொல்லும் கேம் ஜாம்களில் கலந்துகொள்ளுங்கள் என்பேன். 2009இல் தொடங்கிய குளோபல் கேம் ஜாமில், முன்பின் அறியாதவர்களோடு குழு சேர்ந்து சில நாட்களில் ஓர் ஆட்டத்தைச் செய்யலாம். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பிழை திருத்துவதைப் பார்க்க அதைவிட எளிய வழியை நான் அறியேன். 2002இலிருந்து நடந்துவரும் லுடம் டேர் என்ற இன்னொரு ஜாமில், தனியாளாக 48 மணி நேரத்தில் செய்யும் பிரிவுக்கு மூல நிரலையும் சேர்த்தே தரவேண்டும் என்பது விதி. ஒரே தலைப்புக்கு வேறொருவர் எழுதிய நிரலைத் திறந்து, நம்முடையதன் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். புரியாத ஒரு வரியைச் சுட்டி, எழுதியவரிடமே கேட்கவும் செய்யலாம்.