கருந்துளை நம்மள இழுத்துருமா?

வெளிச்சம் கூடத் தப்ப ஏலாத அளவுக்கு இழுவை உள்ளதுதான் கருந்துளை. அது எண்டாலே எல்லாத்தையும் உறிஞ்சி எடுக்கும் எண்டு யூடியூப்காரனுகள் சொல்லிச் சொல்லி நம்மட பொடியனுகளப் பயங்காட்டி வச்சிரிக்கானுகள். மருமகன் கேக்கான், "மாமா, சூரியன் கருந்துளையா மாறினா நம்மள இழுத்துருமா?" எண்டு. இழுக்காது மனே, எடை அப்பிடியே இரிந்தா இழுவையும் அப்பிடியேதான், பூமி இதே பாதையில சுத்திக்கிட்டே இரிக்கும், நாமதான் குளிர்ல விறைச்சுச் சாவம். அதோட சூரியன் அப்பிடி மாறவும் மாறாது, அதுக்கு எடை காணாது. பூமியக் கருந்துளையாக்கணும் எண்டா ஒரு போளை அளவுக்கு நசுக்கணும், விட்டம் 18 மில்லிமீட்டர்தான் வரும்!

நம்மட பால்வீதிட நடுவில நிசமாவே ஒரு கருந்துளை கிடக்கு. 40 லட்சம் சூரியன்ட எடை, 27,000 ஒளியாண்டு தூரம், போட்டோ 2022 மே மாசம் வந்திச்சு. நடுவில கறுப்பா தெரியிறது அதுட நிழல், சுத்தியிரிக்கிற வெளிச்சம் கொதிக்கிற வாயு. ஜூலை மாசம் கரண்ட் போன ராவில கல்லடி பீச்சில நிண்டு தெற்கால பாருங்க, விருச்சிக ராசி நட்சத்திரத் தேள்ட வால் வளைஞ்சி கிடக்கும், அதுக்குக் கொஞ்சம் மேல இடப்பக்கமா, தனு ராசிப் பக்கம்தான் அது இரிக்கு. கண்ணுக்குத் தெரியாது, இடையில அவ்வளவு தூசு.

பிரபஞ்சம் தொடங்கின பெருவெடிப்பையும் கருந்துளையோட போட்டுக் குழப்பிக்காதீங்க, அது வேற கதை. 1380 கோடி வருசத்துக்கு முன்ன எங்கயோ ஒரு மூலையில வெடிச்சதில்ல அது, இடமே விரிஞ்சது, இன்னும் விரிஞ்சிக்கிட்டுத்தான் இரிக்கு.