ரிவர் கன்ட்ரியை மூடியது அமீபாவா?

ரிவர் கன்ட்ரி நீர்ப்பூங்கா பற்றிப் பேச்சு வந்தாலே ‘மூளை தின்னும் அமீபாவால் மூடிவிட்டார்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே நீந்திய 11 வயதுச் சிறுவன் அந்த அமீபாத் தொற்றில் இறந்தது 1980இல். பூங்கா அதன்பிறகு 21 வருஷம் ஓடியது.

டிஸ்னியின் முதல் நீர்ப்பூங்கா இது. புளோரிடாவில் பே லேக் ஏரிக்கரையில் 1976 ஜூன் 20 அன்று திறந்தார்கள். ஏரியின் ஒரு மூலையைத் தடுத்து, மணல் தரையோடு குளமாக்கினார்கள். ஏரித் தண்ணீர் வடிகட்டப்பட்டு, செயற்கைக் குன்றின் உச்சிக்குப் பம்பில் ஏறும்: நிமிடத்துக்கு 8,500 கேலன், அதாவது 32,000 லிட்டருக்குச் சற்று மேல். சறுக்குகள் வழியாக இறங்கிக் குளத்தில் விழும். குளத்துக்கும் ஏரிக்கும் நடுவே வளைந்துகொடுக்கும் ரப்பர் தடுப்பு.

குளத்தின் மட்டத்தை ஏரியைவிட 6 அங்குலம் உயர்த்தியே வைத்திருந்தார்கள். வடிவமைப்பின் சூட்சுமம் அங்கேதான். மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்துதான் தண்ணீர் வழியும், கசியும். வடிகட்டாத ஏரித் தண்ணீர் உள்ளே வராது. பம்பு நின்றால் அந்தப் பாதுகாப்பும் போச்சு.

வடிகட்டி குப்பையையும் பாசியையும் பிடிக்கும். ஆனால் நெக்லேரியா ஃபௌலேரியை, அதாவது அந்த மூளை தின்னும் அமீபாவை ஒழிக்க, தண்ணீரில் குளோரின் எந்நேரமும் மிச்சம் இருக்க வேண்டும். மணலும் சேறும் இலைச்சருகும் உள்ள குளத்தில் அது நிற்காது. கரிமப் பொருளே குளோரினைத் தின்றுவிடும். இந்த அமீபாவுக்கு வெதுவெதுப்பான நன்னீர் போதும், கோடைக்காலப் புளோரிடா ஏரிகள் அப்படித்தான். குடித்தால் தொற்றாது; மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. சறுக்கிலிருந்து தண்ணீரில் விழுபவருக்கு மூக்கில் ஏறாமல் இருக்குமா?

பக்கத்திலேயே குளோரின் போட்ட 3,30,000 கேலன் நீச்சல் குளமும் இருந்தது. அதன் சறுக்குகள் தண்ணீருக்கு 7 அடி மேலேயே முடிந்துவிடும். மிச்சத்தை அந்தரத்தில் விழுந்துதான் கடக்க வேண்டும்.

பூங்காவின் மவுசைக் குறைத்தவை டிஸ்னியே கட்டிய மற்ற நீர்ப்பூங்காக்களான டைஃபூன் லகூனும் (1989) பிளிசார்ட் பீச்சும் (1995) என்பதே என் கணிப்பு. இரண்டும் பெரியவை. ரிவர் கன்ட்ரியில் அலைக்குளம் கிடையாது, விரிவாக்க இடமும் குறைவு. 2001 நவம்பர் 2 அன்று சீசன் முடிந்து பூட்டினார்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலாவே படுத்துக்கிடந்த நேரம். அடுத்த கோடையிலும் பூட்டு திறக்கவில்லை. நிரந்தர மூடல் என்று அறிவித்தது 2005இல்.

மூடிய பிறகும் நீச்சல் குளத்தில் தண்ணீர் நின்றது. பலரும் அதை அலட்சியம் என்றார்கள். ஆனால் நிலத்தடி நீர் மேலாக இருக்கும் ஏரிக்கரையில் தொட்டியைச் சும்மா காலி செய்யக் கூடாது. கீழிருந்து வரும் அழுத்தம் தரையைப் பிளக்கும், சில சமயம் தொட்டியையே தூக்கிவிடும். 2016இல் தண்ணீரை இறைத்ததும் குளத்தை நிரப்பி மூடிவிட்டார்கள். மிச்சமிருந்த குன்றும் சறுக்குகளும் 2019இல் இடிபட்டன.