சூளை அணைந்த ஓட்டுக் கம்பெனி

2024 பிப்ரவரி 10, சனி

கோழிக்கோட்டுக்குத் தெற்கே ஃபெரோக்கில், ஒரே குடும்பம் தலைமுறைகளாக நடத்தி மூடிவிட்ட ஓட்டுக் கம்பெனி ஒன்றை, உரிமையாளர்களின் அனுமதியோடு பார்த்தேன். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சமய அமைப்பின் ஜார்ஜ் பிளெப்ஸ்ட் தொடங்கிய தொழில், 1905இல் அதே மிஷனின் ஆலையாக இவ்வூருக்கு வந்தது. நம் ஊர்களில் இன்றும் ‘மங்களூர் ஓடு’ என்றே சொல்கிறோம். ஃபெரோக் ஓட்டுக்கும் அந்தப் பெயர்தான்.

முன்கூடத்தில் ஓடு அழுத்தும் இயந்திரம் துருவேறி நிற்கிறது. ஐந்து முகம் கொண்ட உருளை திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முகத்திலும் வைத்த மண் பாளத்தின்மேல் மேலச்சு இறங்கும். அச்சின் பள்ளங்களில் எண்ணெய்ப் பிசுக்கோடு மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது. கம்பெனிப் பெயரைக் கண்ணாடியில் காட்டித்தான் படிக்க முடியும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று முழுவதும் சூளையில் கழிந்தது. 1858இல் ஃபிரெட்ரிக் ஹாஃப்மன் காப்புரிமை பெற்ற வகை இது: நீள்வட்டச் சுரங்கம்போன்ற அறைத் தொடரில் ஓடு அடுக்கிய இடத்திலேயே இருக்க, நெருப்புதான் அறை அறையாக நகர்ந்து சுற்றிவரும். வெந்த ஓட்டின் வழியாக உள்ளே வரும் காற்று அதை ஆற்றித் தானும் சூடேறி நெருப்பை அடைகிறது. அங்கிருந்து வெளியேறும் புகை, அடுத்துள்ள பச்சை ஓட்டைக் காயவைத்துவிட்டுப் புகைபோக்கிக்குப் போகிறது. சிக்கனத்தில் இதை மிஞ்சிய சூளை அக்காலத்தில் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. மேல்தளத்தில் எரிபொருள் போடும் துளைகளை வார்ப்பிரும்பு மூடிகள் இன்னும் மூடியிருக்கின்றன. முன்பு இங்கே தீ போட்டவரும் இப்போது காவல் காப்பவருமான பெரியவர், அந்தத் துளை வழியே தெரியும் நிறத்தை வைத்தே பதம் சொல்வாராம். ஓர் அறையின் வாயிலில் செங்கல் அடைப்பு பிரிக்கப்படவே இல்லை. உள்ளே கடைசி அடுக்கு வெந்ததா, பாதியில் நின்றதா என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

பிப்ரவரி 17, சனி

குடும்பத்தில் இளையவரிடம் பேசினேன். கான்கிரீட் கூரை வந்ததால்தான் மூடினார்கள் என்று நினைத்திருந்தவர்களுக்கு அவர் சொன்னது புதிதாக இருக்கும். விற்பனை குறைந்தும் ஓட்ட முடிந்ததாம், மண்தான் கிடைக்கவில்லை. ஓட்டுக்கு ஏற்ற களிமண் வயலுக்கு அடியில் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வயலைத் தோண்டுவது எளிதல்ல. சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, வயலும் வேண்டும்தானே.

பழைய ஓட்டை விடுதி கட்டுபவர்கள் தேடி வாங்குவதால், கம்பெனியின் கூரையையே பிரித்து விற்கலாம் என்று பங்காளி ஒருவர் கேட்கிறாராம். கூரை போனால் ஓடு உலர்த்தும் மரத்தட்டுகள் மழையில் மக்கிவிடும். ஜூன் பிறப்பதற்குள் அளவெடுத்து வரைபடம் போட அனுமதி கேட்டிருக்கிறேன்.